பெய்யாத மழையை எண்ணிய பெட்டி: ராஸ்பெரி பை சென்சார் இணைப்புகளை எப்படிச் சோதிப்பது?

கண்டாச்சிபுரத்தில் மாமா வீட்டு மொட்டை மாடியில் ஒரு தானியங்கி மழைமானி வச்சிருக்கோம். மாடிப்படிக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதுக்குள்ள ராஸ்பெரி பை 3. அதிலிருந்து மூணு ஒயர் கிளம்புது. ஒண்ணு மாடிக்கு, மழைமானிக்கு. இன்னொண்ணு கிணத்தடி மண்ணில் புதைச்ச வெப்பநிலை சென்சாருக்கு. மூணாவது, பெட்டிக்கு வெளியே நிழலில் தொங்குற காற்றழுத்த, ஈரப்பத சென்சாருக்கு. நான் இருக்கிறது சென்னையில். பதிவுகளைத் தினமும் இங்கிருந்தே பார்ப்பேன்.

போன மார்ச்சில் ஒரு நாள் காலையில் மாமா போன் பண்ணார். "என்ன மாப்ள, உன் பொட்டி மழை பேஞ்சதுன்னு சொல்லுது? இங்க வெயில் மண்டையப் பொளக்குது." பார்த்தேன். 3.07 மில்லிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் எங்கேயும் அன்னிக்கு மேகம்கூட இல்லை.

அந்த 3.07 எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனதில் கத்துக்கிட்டதைத்தான் இங்கே எழுதுறேன். சென்சார் இணைப்பில் கோளாறுன்னா "சென்சார் கிடைக்கவில்லை"ன்னு பிழைச்செய்தி வரும்னு பலரும் நினைக்கிறாங்க. அப்படி வந்தா அது நல்ல கோளாறு, உடனே கண்ணில் பட்டுடும். தொல்லை பிடிச்ச கோளாறு, நம்பும்படியான ஒரு எண்ணைக் கொடுக்கிறது. மார்ச்சில் வந்த 3.07 நவம்பரில் வந்திருந்தா யாரும் கேள்வியே கேட்டிருக்க மாட்டோம்.

இதை இவ்வளவு பெரிசா எடுத்துக்கணுமான்னு கேட்டா, எங்க பகுதிக்கு ஆமாம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிச்சு. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. அதுக்கப்புறம் மழை பேஞ்சாலே "எத்தனை சென்டி?"ன்னு கேட்டு மாமாவுக்கு நாலு பேர் போன் பண்றாங்க. ஆட்டை அவிழ்த்து மேட்டுக்குக் கொண்டு போறதா, ஏரி கலங்கல் போகுமா, நாளைக்கு மோட்டார் போட வேணாமா, எல்லாம் அந்த எண்ணை வச்சு. தமிழ்நாடு அரசு மாநிலம் முழுக்க 1400 தானியங்கி மழைமானிகள் வைக்கும் திட்டம் போட்டிருக்கு, நல்ல விஷயம். ஆனா இந்தத் தெருவுக்கு எண் சொல்றது இந்தப் பெட்டிதான்.

முதலில் மழைமானி எப்படி வேலை செய்யுதுன்னு பார்த்துடுவோம். புனல் வழியா வர்ற தண்ணி ஒரு சின்ன ஏற்றப்பலகை மாதிரியான இரட்டைக் கிண்ணத்தில் விழும். ஒரு கிண்ணம் நிறைஞ்சதும் குப்புற சாயும், அடுத்தது மேலே வரும். சாயும்போது அதில் ஒட்டியிருக்கும் காந்தம் ஒரு ரீட் சுவிட்சைக் கடந்து போகும். சுவிட்ச் ஒரு கணம் மூடித் திறக்கும். ராஸ்பெரி பை பார்க்கிறது அந்த ஒரு கணத்தை மட்டும்தான். கடையில் பரவலாகக் கிடைக்கிற பிளாஸ்டிக் மானியில் ஒரு சாய்வுக்கு 0.2794 மி.மீ. மழை என்று கணக்கு. பதினோரு சாய்வுன்னா 3.07. அதாவது அன்னிக்குப் பை பதினோரு முறை சுவிட்ச் மூடினதா நம்பியிருக்கு.

நல்லவேளையா பதிவில் மொத்த மழையை மட்டும் வைக்காம, ஒவ்வொரு சாய்வும் எந்த மில்லிசெகண்டில் வந்ததுன்னு சேமிக்கிறோம். பதினொண்ணும் ஒரே செகண்டுக்குள்ள வந்திருந்தது. ஒரு சின்னக் கணக்கு போடுங்க. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் பேய்மழை பேஞ்சாக்கூட ரெண்டு சாய்வுக்கு நடுவில் சுமார் 10 செகண்ட் ஆகும். ஒரு செகண்டுக்கு ஒரு சாய்வுன்னா மணிக்கு 1000 மி.மீ. ஆயிடும், ஒரு மணி நேரம் முழுக்க அந்த வேகத்தில் பேஞ்ச மழை உலகத்தில் எங்கேயும் பதிவாகலை. அப்போ ஒரு செகண்டுக்குள்ள வந்த பதினோரு சாய்வும் தண்ணியால் வந்ததே இல்லை, மின்சாரத்தால் வந்தது. வெறும் கூட்டுத்தொகையை மட்டும் சேமிக்கிற நிரலில் இந்தத் தடயமே மிஞ்சாது. சென்சார் வச்சிருக்கிறவங்க வேற எதைச் செய்யாட்டியும் மூல நிகழ்வை நேரத்தோட எழுதி வைங்க. வடிகட்டுறதை அப்புறம் பார்த்துக்கலாம்.

நேரத்தைப் பார்த்ததும் இன்னொண்ணும் புரிஞ்சது. அது சரியா மும்முனை மின்சாரம் வந்து பம்புசெட் மோட்டார் கிளம்புற நேரம். மாமாவைக் கூப்பிட்டு, "மாமா, மோட்டாரை ஒருவாட்டி நிறுத்திட்டுப் போடுங்க"ன்னேன். போட்டார். திரையில் ஏழு "மழை" விழுந்தது.

காரணம் எளிசு. ஜிபிஐஓ பின்னைச் சும்மா விட்டா அது ஆன்டெனா மாதிரி. அதனால அதை ஒரு ரெசிஸ்டர் வழியா 3.3 வோல்ட்டோட கட்டிப் போடுவாங்க, அதுக்குப் பேர் புல்-அப். பையின் சிப்புக்குள்ளேயே ஒரு புல்-அப் உண்டு. ஆனா அது சுமார் 50 கிலோ ஓம், ரொம்ப இளகின கயிறு. மேஜை மேல ஒரு சாண் ஒயருக்குப் போதும். மாடியிலிருந்து இறங்கி மோட்டார் லைனுக்குப் பக்கத்திலேயே ஓடுற 12 மீட்டர் ஒயருக்குப் போதாது. மானியோட வந்த வயரிங் படத்தில் உள் புல்-அப் மட்டும்தான் காட்டியிருந்தது. படம் வரைஞ்சவர் ஊரில் பம்புசெட் இல்லை போலிருக்கு.

தீர்வு மூணு சின்னச் சாமான். வெளியே 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு 3.3 வோல்ட்டுக்கு. பை இருக்கிற பக்கம் லைனுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒண்ணு. பின்னுக்கு முன்னாடி 1 கிலோ ஓம் ஒண்ணு, இது பின்னைக் காப்பாத்த. 10 கிலோ ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் சேர்ந்தா ஒரு மில்லிசெகண்ட் தாமதம் கிடைக்கும். மைக்ரோசெகண்டில் வந்து போற மோட்டார் துடிப்பு அதில் கரைஞ்சிடும், பத்து மில்லிசெகண்டுக்கு மேல் மூடியிருக்கிற ரீட் சுவிட்ச் தெளிவாத் தெரியும். ஒயரையும் முறுக்கின ஜோடியா மாத்திட்டோம், பழைய லேன் கேபிளில் ஒரு ஜோடி போதும்.

இப்போ பொதுவான முறைக்கு வர்றேன். சாஃப்ட்வேர்காரங்களுக்கு ஒரு வியாதி உண்டு. சென்சார் வேலை செய்யலைன்னா முதல் வேலையா நிரலைத் திறப்போம், லைப்ரரியை மாத்துவோம், சிஸ்டத்தையே திரும்ப நிறுவுவோம். கீழிருந்து மேலே போறதுதான் சரின்னு நான் சொல்வேன்: மின்சாரம், ஒயர், கெர்னல், கடைசியா நம்ம நிரல். ஒவ்வொரு படியிலும் பாதியாப் பிரிச்சு எந்தப் பக்கம் கோளாறுன்னு கேட்கணும். மழைமானி எண்ணலைன்னா, மாடியில் மானிக்குப் பக்கத்தில் ஒயரின் ரெண்டு நுனியையும் ஒரு ஸ்க்ரூடிரைவரால் தொட்டுப் பாருங்க. பை எண்ணினா ஒயரும் பையும் நிரலும் நல்லா இருக்கு, கோளாறு மானியில். எண்ணலைன்னா கீழே வந்து பை பக்கத்திலேயே தொடுங்க. அப்போ எண்ணினா ஒயர் போச்சு. ரெண்டு தொடுதலில் பாதித் தேடல் முடிஞ்சுது, ஒரு வரி நிரல்கூடத் திறக்கலை.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தர்றேன், டெர்மினலில் ஆங்கிலத்தில் அடிச்சுக்குங்க.)

மின்சாரத்துக்கு முதல் கேள்வி: பைக்கு 5 வோல்ட் ஒழுங்கா வருதா? "விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு" அடிச்சா ஒரு எண் வரும். 0 வந்தா நல்லது. 50005 வந்தா இந்த நொடி வோல்டேஜ் குறைவு. 50000 வந்தா இப்போ சரி, ஆனா பூட் ஆனதிலிருந்து எப்பவோ குறைஞ்சிருக்கு. 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனா இது காட்டும். பெரும்பாலும் குத்தவாளி அடாப்டர்கூட இல்லை, மெல்லிசான சார்ஜிங் கேபிள்தான். இன்னொரு விதி, இதில் சமரசமே கிடையாது: ஜிபிஐஓ பின் 3.3 வோல்ட்டுக்குத்தான். தொட்டி நீர்மட்டம் பார்க்கப் பலரும் வாங்குற ஹெச்சி-எஸ்ஆர்04 ஒலிச் சென்சார் எக்கோ காலில் 5 வோல்ட் அனுப்பும். நடுவில் 1 கிலோ, 2 கிலோ ஓம் ரெண்டை வச்சு 3.3-க்குக் குறைக்காம நேரா கொடுத்தா, சில நாள் ஓடும், அப்புறம் பின் செத்துடும்.

ஒயருக்கு மல்டிமீட்டர் போதும். பையை அணைச்சிட்டு பீப் சத்தம் வர்ற இடத்தில் வச்சு ஒவ்வொரு ஒயரையும் ஆட்டிக்கிட்டே பாருங்க. ஜம்பர் ஒயர் மேஜைக்குத்தான், வெளியில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஊசி முனையில் பச்சை பூத்திருந்தா வெட்டிட்டு சால்டர் பண்ணிடுங்க. எறும்பையும் சொல்லணும். கதகதப்பான பெட்டி எறும்புக்கு ரொம்பப் பிடிக்கும், கேபிள் நுழையிற ஓட்டையைச் சிலிகான் வச்சு அடைச்சே ஆகணும்.

பின் எண்ணில் ஒரு பழைய குழப்பம் இருக்கு. ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு எண்: வரிசையில் எத்தனையாவது என்பது ஒண்ணு, சிப்பில் அதன் ஜிபிஐஓ எண் இன்னொண்ணு. ஏழாவது கால்தான் ஜிபிஐஓ 4. ஒரு கட்டுரை முதல் எண்ணிலும் அடுத்தது ரெண்டாவதிலும் பேசும். "பின்அவுட்"ன்னு அடிச்சா உங்க போர்டின் படமே திரையில் வரும், அதைப் பார்த்து எண்ணுங்க.

ஈரப்பத சென்சார் ஐ2சி வகை. ரெண்டே ஒயரில் பல சிப்புகள் பேசிக்க 1980-களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் கம்பெனி உருவாக்கினது, ஒரே டிவிப் பெட்டிக்குள்ள இருக்கிற சிப்புகளுக்காக. அதை நாம மாடிக்கு இழுக்கிறோம். அந்த ஒயர்களின் மொத்தக் கெப்பாசிடன்ஸ் 400 பைக்கோஃபாரடுக்குள்ள இருக்கணும்னு விதி. கேபிள் மீட்டருக்கு ஐம்பது, நூறுன்னு தின்னுடும், ஆக ஒண்ணு ரெண்டு மீட்டருக்குள்ள வச்சுக்கிறது நல்லது. முடியாதுன்னா கிளாக் வேகத்தை 100 கிலோஹெர்ட்ஸிலிருந்து 10-க்குக் குறைச்சுப் பாருங்க. வானிலை சென்சாருக்கு வேகம் எதுக்கு?

"ஐ2சிடிடெக்ட் -ஒய் 1" அடிச்சா ஒரு கட்டம் வரும். எங்க சென்சார் அதில் 76-ன்னு தெரியும், சில போர்டில் 77. வெறும் கோடுகளா இருந்தா, ஐ2சி வசதியை இயக்கியிருக்கான்னு ராஸ்பி-கான்ஃபிக்கில் பாருங்க, அப்புறம் டேட்டா, கிளாக் ஒயர் மாறியிருக்கான்னு பாருங்க. சும்மா இருக்கும்போது ரெண்டு ஒயரிலும் 3.3 வோல்ட் காட்டணும். ஏன்னா 3, 5 ஆவது கால்களுக்கு பையிலேயே 1.8 கிலோ ஓம் புல்-அப் வச்சிருக்காங்க. பூஜ்யம் காட்டினா எங்கேயோ கிரவுண்டோட ஒட்டிக்கிட்டிருக்கு. எண்ணுக்குப் பதிலா "யூயூ"ன்னு வந்தா பயப்படாதீங்க, கெர்னல் டிரைவர் ஏற்கெனவே அந்த சென்சாரைப் பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம்.

இதில் ஒரு சந்தைத் தந்திரமும் உண்டு. பிஎம்இ280 என்று சொல்லி பிஎம்பி280 விற்பாங்க. முதலாவதில் ஈரப்பதம் உண்டு, ரெண்டாவதில் கிடையாது. முகவரி, ஒயர், அழுத்தம், வெப்பநிலை எல்லாம் ஒரே மாதிரி. ஈரப்பதம் மட்டும் வராது, நாம ஒயரைச் சந்தேகப்பட்டு ஒரு ஞாயித்துக்கிழமையைத் தொலைப்போம். சிப்பின் டி0 என்ற ரெஜிஸ்டரைப் படிச்சா ஹெக்ஸில் 60 வந்தா அசல் பிஎம்இ, 58 வந்தா பிஎம்பி. "ஐ2சிகெட்" கட்டளையில் பத்து செகண்ட் வேலை.

மண்ணுக்குள் இருக்கிறது டிஎஸ்18பி20. ஒரே டேட்டா ஒயர், அதுக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப் நாமே போடணும். கண்டுபிடிச்சா லினக்ஸ் 28 என்று தொடங்கும் ஒரு கோப்புறை உருவாக்கும், அதுக்குள்ள இருக்கிற கோப்பைப் படிச்சா முதல் வரி கடைசியில் "எஸ்" இல்ல "நோ" இருக்கும். "நோ" வந்தா அந்த அளவைத் தூக்கிப் போட்டுடணும். நம்பும்படியான பொய் சொல்றதில் இது பலே ஆள். சென்சாருக்கு மின்சாரம் துண்டாகி மறுபடி வந்தா, அளக்கிறதுக்கு முன்னாடி அதன் நினைவில் இருக்கிற எண் 85. அதை "எஸ்" முத்திரையோடவே கொடுக்கும். தனியாப் பார்த்தா மண் 85 டிகிரின்னு யாரும் நம்ப மாட்டாங்க. ஆனா மணிக்கொரு அளவா 23 முறை 30, ஒரே ஒரு முறை 85 வந்து, நிரல் சராசரி எடுத்துக் கொடுத்தா? 32.3. பார்க்க ரொம்ப நியாயமா இருக்கும். டேட்டா ஒயர் கிரவுண்டோட ஒட்டினா எல்லா பிட்டும் பூஜ்யமா வரலாம். பூஜ்யங்களுக்குச் சரிபார்ப்பு எண்ணும் பூஜ்யம்தான், அதனால 0 டிகிரி "எஸ்" வாங்கிக்கிட்டு வந்துடும். நம்ம ஊரில் 0 டிகிரி நடக்காதுங்கிறதால தப்பிச்சோம். இமயமலையில் இருக்கிறவங்க பாடு கஷ்டம்.

தண்ணி புகாத உறையோட வர்ற டிஎஸ்18பி20-இல் சிவப்பு பவர், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் டேட்டா என்பதுதான் வழக்கம். வழக்கத்தை மீறின ஒயர்களும் சந்தையில் இருக்கு. நிறத்தை நம்பாதீங்க. தப்பா கொடுத்தா சென்சார் தொட முடியாத அளவுக்குச் சுடும்.

கெர்னல், சிஸ்டம் பக்கம் ரெண்டே செய்தி. 2023-இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து கான்ஃபிக் கோப்பு, பூட் அடைவிலிருந்து அதுக்குள்ள இருக்கிற ஃபர்ம்வேர் அடைவுக்குப் போயிடுச்சு. பழைய கட்டுரையைப் பார்த்து பழைய இடத்தில் திருத்தினா ஒண்ணும் நடக்காது. பை 5-இல் ஜிபிஐஓவைக் கவனிக்கிறது ஆர்பி1 என்ற தனி சிப். அதனால பழைய ஆர்பிஐ.ஜிபிஐஓ லைப்ரரி அதில் ஓடாது, ஜிபிஐஓசீரோ மாதிரி புதுசைப் பயன்படுத்துங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்த சென்சார், போர்டு மாத்தினதும் நின்னுடுச்சுன்னா ஒயரைப் பிடுங்குறதுக்கு முன்னாடி இது ரெண்டையும் பாருங்க.

மழைமானிக்கே திரும்பி வர்றேன், கஷ்டமான கேள்வி அங்கேதான் இருக்கு. பெய்யாத மழையை எண்ணினா மார்ச்சில் மாட்டிக்கும். பேஞ்ச மழையை எண்ணாம விட்டா? ஒயர் அறுந்த மானியும் வறண்ட நாளும் சொல்றது ஒரே பதில்: 0. வருஷத்தில் பெரும்பாலான நாள் அதுதான் சரியான பதிலும்கூட. ரீட் சுவிட்சுக்கு நாடித்துடிப்பு கிடையாது.

இதுக்குத் திருட்டு அலாரம் மாட்டுறவங்ககிட்ட ஒரு பழைய வழி இருக்கு. ஒயரின் கடைசியில், மானிக்குள்ள, ரீட் சுவிட்சுக்குக் குறுக்கே ஒரு 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் போடுங்க. இந்தப் பக்கம் 10 கிலோ ஓம் புல்-அப் ஏற்கெனவே இருக்கு, உள் புல்-அப்பை மட்டும் அணைச்சிடணும். ஒயர் முழுசா இருந்தா லைனில் சுமார் 2.7 வோல்ட் நிக்கும். அறுந்தா 3.3. சுவிட்ச் மூடினா 0. 2.7-ஐ ஜிபிஐஓ பின் "ஆன்" என்றே படிக்கும், எண்ணுற வேலை கெடாது. பைக்கு வோல்ட் அளக்கத் தெரியாது. அதுக்கு எம்சிபி3008 சிப் ஒண்ணு சேர்த்து, நிமிஷத்துக்கு ஒரு முறை அந்த லைனை அளந்தா, இன்னிக்கு வந்த 0 வறட்சியால் வந்ததா, எலி கடிச்சதால் வந்ததான்னு பிரிச்சுச் சொல்லிடலாம்.

புனலில் குளவி கூடு கட்டினா இதெல்லாம் காட்டாது. அதுக்கு மாசம் ஒரு முறை தண்ணி ஊத்தித்தான் ஆகணும். உங்க மானியின் வாயை அளந்துக்கங்க. 11 செ.மீ.க்கு 5 செ.மீ. இருந்தா பரப்பு 55 சதுர செ.மீ. அதில் 100 மில்லி தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட்டா 65 சாய்வு வரணும். பாட்டில் மூடியில் ஊசி ஓட்டை போட்டுக் கவிழ்த்து வைங்க, கையால் ஊத்தினா வேகம் கூடிடும். மாமா ஒவ்வொரு மாசமும் முதல் ஞாயிறு இதைச் செய்றார். 63-லிருந்து 67-க்குள்ள வந்தா நான் ஒண்ணும் தொடுறதில்லை.

வேகமான மழையில் இந்த வகை மானி குறைச்சுத்தான் காட்டும். கிண்ணம் சாயுற நேரத்தில் விழுற தண்ணி கணக்கில் வராம போயிடுது. தூறலில் இது தெரியாது, ஃபெஞ்சல் மாதிரி மழையில் நல்லாவே தெரியும். அதனால பக்கத்திலேயே நேர்சுவர் உள்ள ஒரு டப்பாவும் ஒரு ஸ்கேலும் வச்சிருக்கோம். வானிலைத் துறைக் கணக்குப்படி மழைநாள் காலை 8:30-க்கு முடியும், மாமா அந்த நேரத்துக்கு டப்பாவில் அளந்து ஒரு நோட்டில் எழுதி வைக்கிறார். போன பருவமழையில் ரெண்டு கணக்கும் 5 செ.மீ.க்குக் குறைவான நாட்களில் ஒத்துப்போச்சு. அதுக்கு மேல் பேஞ்ச நாட்களில் பெட்டி பின்தங்குது. சாய்வு இடைவெளியை வச்சே அந்தக் குறையைத் திருத்த ஒரு வாய்ப்பாடு போட முடியுமான்னு பார்க்கிறேன். அதுக்கு நோட்டில் இன்னும் சில பெருமழை நாட்கள் சேரணும்.